பதினெட்டு நடக்கிறது

உன் பையைத் திறந்து ஒரு மாதமாகிறது. அறை முழுக்க இன்னும் விறகுப் புகை வாசம். இந்த மழையில் என் புத்தகம், தலையணை, சுவரில் தொங்கும் நாட்காட்டி எல்லாம் பூஞ்சை நாற்றம் அடிக்கின்றன. அந்த வலைப்பை மட்டும் நேற்றுவரை ஏதோ மலைக் குடிசையில் அடுப்புக்கு மேலே தொங்கியதுபோல இருக்கிறது. நீ வேலை பார்த்த நாட்டில் பெண்கள் அதன் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிடுவார்கள், கிழங்கும் அதில்தான், குழந்தையும் அதில்தான் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு நீ அதில் போட்டுக் கொடுத்தது ஒரு பள்ளிக்கூட நோட்டு. "ஒண்ணுமில்லடி, என் கிறுக்கல். தூக்கிப் போட மனசு வரல. நீதான் எதையும் தூக்கிப் போட மாட்டியே" என்றாய். நான் தூக்கிப் போடவில்லை. திறக்கவும் இல்லை.

திறக்க வைத்தது மார்த்தாவின் மின்னஞ்சல். உன் மருத்துவமனையில் உன் பக்கத்து நாற்காலியில் இருந்த நர்ஸ். அவரை நான் உன் கடிதங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன். 'மார்த்தா வாசல்ல நின்னா எனக்குப் பயமில்ல. கதவு போட்ட மாதிரி இருப்பா' என்று ஒரு முறை எழுதியிருந்தாய். அவர் எழுதியது சுருக்கமான கடிதம். 'நோயாளிகள் போன பிறகு டாக்டர் ஒரு நோட்டில் சங்கிலி கோத்ததுபோன்ற எழுத்தில் எழுதுவார். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறதா? இங்கே ஒரு பெண்ணுக்கு அது வேண்டும்.'

நீ தமிழில் எழுதியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அந்த நாட்டில் அதைப் படிக்க ஆளில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் யாராவது படிப்பார்கள், பர்மியத்தில் எழுதினால்கூட அங்கே பர்மாவிலிருந்து போன நம் ஊர் டாக்டர்கள் நாலு பேர் இருந்தார்கள். தேவாலய ஞாயிறு வகுப்பில் நீ கற்ற தமிழும், கோயில் மாலை வகுப்பில் நான் கற்ற தமிழும் நம் இருவருக்கும் பூட்டும் சாவியுமாக இருந்தன. இன்று உன் வீட்டில்கூட அதைப் படிக்க ஒருவருமில்லை. உன் அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. அவர் மகளுக்கு இரண்டுமே வராது. ஆக, இந்த வேலை என் தலையில்தான் விழ வேண்டியிருந்தது.

நீ பாப்புவா நியூ கினியாவுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் உன்னை நன்றாகவே கேலி செய்தேன். லான்மடா பேட்டையில் என் மொழிபெயர்ப்புக் கடைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். நீ கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

"அங்க போய் என்ன செய்யப் போற? இங்க நோயாளிக்குப் பஞ்சமா?" என்றேன்.

"சம்பளத்துக்குப் போறேன்டி. சேவைக்கு இல்ல. மத்தவங்க கேட்டா சேவைன்னு சொல்லு, அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

"அந்த ஊரு எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"பசிபிக் கடல்ல. தங்கம், செம்பு, எரிவாயு, மரம், மீன் எல்லாம் இருக்காம். டாக்டர் மட்டும் இல்லையாம்."

"நம்ம ஊர் மாதிரின்னு சொல்லு."

"அதான் போறேன். பழகின வேலை."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அடுத்த நாட்டின் துன்பத்தைப் பார்க்கப் போகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம் உண்டு. உன்மேலும் இருந்தது. அதை உன்னிடம் மறைக்கவும் இல்லை.

உன் கடிதங்கள் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை, குழப்பின. முதல் வருடம் முழுக்க மருந்துதான் பேச்சு. மலைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கம், அதற்குத் தனி விமான ஓடுதளம், இரவெல்லாம் விளக்கு. மலைக்கு இந்தப் பக்கம் உன் மருத்துவமனை, மண்ணெண்ணெய் விளக்கில் பிரசவம். 'தங்கம் விமானத்துல போகுது, மருந்து கப்பல்ல வருது. ரெண்டும் ஒண்ணையொண்ணு வழியில பாக்கிறதே இல்ல' என்று எழுதினாய். ஆற்று நீரில் குளித்த குழந்தைகளின் தோலைப் பற்றி எழுதினாய். கூடவே, நம் ஊரைப்போலவே அங்கும் எல்லாரும் பாக்கும் சுண்ணாம்பும் மென்று தெருவைச் சிவப்பாக்குகிறார்கள் என்றும், நீ ஊர் நினைவில் மென்று மயங்கி விழுந்தாய் என்றும்.

அங்கே யாருக்கும் தாங்கள் எந்தக் கிழமையில் பிறந்தோம் என்று தெரியவில்லை என்பது உனக்குப் பெரிய அதிர்ச்சி. இங்கே கிழமை தெரியாத மனுஷன் உண்டா? நீ தேவாலயத்துக்குப் போகிறவள்தான், ஆனாலும் பிறந்த கிழமையைக் கேட்காமல் ஒரு நோயாளியையும் நீ தொட்டதில்லை. கடைசியில் நீயே அவர்களுக்குக் கிழமை கொடுக்க ஆரம்பித்தாய். நோட்டின் ஓரங்களில் பார்க்கிறேன்: 'சனி மாதிரி முறைக்கிறான்.' 'வியாழன். அழவே இல்லை.' இதைப் படித்து நேற்று மதியம் கடையில் தனியாகச் சிரித்தேன். தட்டச்சுக்காரப் பெண் மின்சாரம் வந்துவிட்டதோ என்று விசிறியைப் பார்த்தாள்.

மார்த்தா கேட்ட பெண் நோட்டின் நடுவில் இருக்கிறாள். பெயரை இங்கே எழுதமாட்டேன். சுரங்கத்திலிருந்து கொட்டும் கழிவு மண்ணில் ஒட்டியிருக்கும் தங்கத் தூளை அலசி எடுக்க ஊர்ப் பெண்கள் போவார்கள், அவளும் போனாள். அது சுரங்கத்தின் இடம், போகக்கூடாது. ஆனால் கழிவு கொட்டுவதற்கு முன்னால் அது அவர்கள் கிழங்குத் தோட்டம். சுரங்கக் காவலர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்ததை நீ மூன்று வரியில் மருத்துவ வார்த்தைகளில் எழுதியிருக்கிறாய். அதையும் இங்கே எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மார்த்தா சொல்லித்தான் அறிந்தேன். இப்படிப் புகார் சொல்லும் பெண்களுக்காகச் சுரங்கக்காரர்கள் நகரத்தில் ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். டாக்டரின் அறிக்கையைக் கொண்டுபோனால் ஒரு தொகையும் தையல் பயிற்சியும் தருவார்கள். பதிலுக்கு, இனி இதைப் பற்றி எந்த நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்திட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியவள் தானே கையெழுத்திடலாம். நிரம்பாதவள் என்றால் குடும்பத்தில் ஒரு பெரியவரும் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரும் கூட இருக்க வேண்டும். உன் அறிக்கையில் வயது என்ற இடத்தில் 18 என்று இருக்கிறது. அவள் தனியாகப் போனாள், வாசிக்கத் தெரியாத காகிதத்தில் தனியாகக் கையெழுத்திட்டாள்.

இன்று அவளுக்கு இரண்டு குழந்தைகள். இப்போது பல பெண்கள் சேர்ந்து சுரங்கத்தின்மேல் வழக்குப் போடுகிறார்கள். அவளும் சேர விரும்புகிறாள். அந்தக் கையெழுத்து குறுக்கே நிற்கிறது. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, ஞானஸ்நானப் பதிவும் இல்லை. அவள் வயதைப் பற்றி உலகத்தில் இரண்டு காகிதங்கள்தான் இருக்கின்றன. ஒன்று உன் அறிக்கை. இன்னொன்று என் மேசையில் இருக்கும் உன் நோட்டு.

அந்த மூன்று வரிக்கு அடுத்த பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன். 'பதினெட்டு நடக்கிறது. பெரிய வறட்சிக்கு அடுத்த வருஷம் பிறந்தாளாம். அம்மா இல்லை. சித்தப்பா வெளியே நிற்கிறார்.' கடைசி வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு.

படித்ததும் எனக்கு உன் மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்தான் நினைவுக்கு வந்தது. பல்கலைக்கழகங்களை மூடி, திறந்து, மறுபடி மூடி, கடைசியில் திறந்த வருடம். நானும் உனக்குத் துணையாக வரிசையில் நின்றேன். நீ வயது என்ற கட்டத்தில் நடப்பு வயதை எழுதிவிட்டாய், பிறந்த தேதியோடு பொருந்தவில்லை. அந்த எழுத்தர் அம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி, "வருஷத்தை இங்க நாங்க ஏற்கெனவே நிறைய தின்னுட்டோம், நீ வேற ஒண்ணைத் தூக்கிக் குடுக்கிறியா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. நீ வெளியே வந்து, "எங்க வீட்ல இப்படித்தான்டி சொல்லுவாங்க" என்று முகம் சிவந்தாய். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தமிழர் வீட்டிலும் பர்மியர் வீட்டிலும் வயதை முடிந்ததை வைத்து எண்ணமாட்டார்கள், நடப்பதை வைத்து எண்ணுவார்கள். வயிற்றிலிருந்து வந்த வருடமே ஒன்று.

ஆக, விஷயம் தெளிவு என்று முதல் நாள் நினைத்தேன். வறட்சிக்கு அடுத்த வருடத்தை ஒன்று என்று வைத்து நீ விரல்விட்டு எண்ணியிருக்கிறாய், பதினெட்டு வந்திருக்கிறது, அதையே அறிக்கையிலும் போட்டுவிட்டாய். எந்த மாதத்தில் பிறந்திருந்தாலும் அவளுக்கு அன்று பதினெட்டு நிரம்பியிருக்க முடியாது. இதை ஆங்கிலத்தில் எழுதி, நம் எண்ணும் வழக்கத்துக்கு ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்பினால் முடிந்தது. வேலை அரை மணி நேரம்.

ஆனால் உன் வீட்டில் சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிங்கலாடோனில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அண்ணன் வாசலில் ஜெனரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"தங்கச்சி, அவ தப்பா எழுதிட்டான்னு நம்மளே காகிதம் குடுக்கணுமா?"

"தப்புன்னு எழுதல அண்ணே. அவ எழுதினதை இங்கிலீஷ்ல எழுதறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நமக்குன்னு பெருமையா சொல்ல யார் இருக்கா? அவ ஒருத்தி. அதுவும் இந்த நேரத்துல மனித உரிமை, வழக்குன்னு வெளிநாட்டுக்கு மெயில் போட்டா, நாளைக்குத் தெருவுல நிக்கிற சிப்பாய் யாராவது உங்க போனை வாங்கிப் பாத்தா என்ன சொல்லுவீங்க?"

"எங்கயோ ஒரு தீவுல நடக்கற வழக்குன்னு சொல்லுவேன்."

"அதெல்லாம் கேட்டுக்கிட்டு நிப்பாங்களா? அவ பேரை எடுத்துட்டு அனுப்ப முடியாதா?"

பெயரில்லாத காகிதம் காகிதமே இல்லை என்றேன். அவர் மறுபடி குனிந்து திருகாணி ஒன்றைத் தேடினார். நான் கிளம்பும்போது நிமிராமலே சொன்னார்: "நோட்டை அவ உங்ககிட்டதானே குடுத்தா. எங்கிட்டயா குடுத்தா?" அது சம்மதமா, கோபமா, இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்த வருத்தமா? பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். இன்னும் பிடிபடவில்லை.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. அது நடக்காமலிருந்தால் நான் அனுப்பியிருப்பேன், உனக்கு இந்தக் கடிதமும் எழுதியிருக்கமாட்டேன். லத்தா பேட்டை நடைபாதையில் காய்கறி விற்கும் நம்மவள் ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். டீச்சரைக் கூப்பிடும் மரியாதையோடு என்னைச் சயாமா என்றாள். குடும்பப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். மகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறாள். படைக்கு ஆள் சேர்க்கும் பட்டியலில் பெயர் வருவதற்குள் பெண் போய்விட வேண்டும், அதுதான் அவசரம். வேலைக்கு எடுப்பவர்கள் பதினெட்டு கேட்கிறார்கள். குடும்பப் பட்டியலில் உள்ள தேதிப்படி பெண்ணுக்குப் பதினேழு.

"சயாமா, பதினெட்டு நடக்குது இவளுக்கு. ஒரு வருஷம் முன்னால போட்டுக் குடுங்க. பொய் இல்லையே, நடக்குதுதானே?"

"என்ன இருக்கோ அதைத்தான் எழுத முடியும்மா."

"நடக்கிறதும்தான் இருக்கு."

"தேதியை மாத்த மாட்டேன். வேற ஏதாவது உதவின்னா சொல்லுங்க."

அவள் என் மேசையை, வரிசையாக அடுக்கிய முத்திரைகளை, என் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் பொண்ணு இல்ல சயாமா. அதான் பேனா நேரா போகுது" என்றாள். மகள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்து, பர்மியத்தில் "போதும்மா, வா" என்றாள். தமிழ் புரிந்திருக்கிறது, பேச வரவில்லை போல. படியிறங்கிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் அந்த நடைபாதை வழியாகப் போனேன். அவள் இடத்தில் வேறொருத்தி கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் உன் பக்கத்தை வேறு மாதிரி படித்தேன். நடக்கும் வயதைத் தெரியாமல் எழுதுபவர்களும் உண்டு, தெரிந்தே எழுதுபவர்களும் உண்டு. அம்மா இல்லாத பெண். வெளியே சித்தப்பா. பதினேழு என்று நீ எழுதியிருந்தால் அவளோடு அந்த அலுவலகத்துக்குள் போகிற பெரியவர் அவர்தான். விஷயம் முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே அப்படித் தெரிந்த வீடுகளில் பெண்களுக்கு என்ன ஆனது என்று நீயே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாய். ஒருத்தியைக் கணவன் அரிவாளோடு துரத்திவிட்டான், இன்னொருத்தி கைக்கு வந்த தொகையை மாமன் பிடுங்கிக்கொண்டு அவளை வெளியே தள்ளினான். பதினெட்டு என்று எழுதினால் அவள் தனியாகப் போகலாம். பொய்யும் இல்லை. நடக்கிறதுதானே.

அப்படியானால் சித்தப்பா என்ற வரிக்குக் கீழே நீ போட்ட அந்தக் கோடு அதைத்தான் சொல்கிறதா?

மார்த்தாவுக்கு எழுதிக் கேட்டேன். உன் வேறு அறிக்கைகளில் வயதை எப்படி எழுதினாய், நடப்பு வயதா, நிரம்பிய வயதா? பதில் வர ஒன்பது நாள் ஆனது. அவர்கள் பக்கம் செல்போன் கோபுரம் வேலை செய்யவில்லை, நம் பக்கம் வழக்கம்போல இணையம் இல்லை. பெரும்பாலான அறிக்கைகள் கூரை ஒழுகி நனைந்துபோய்விட்டனவாம். இரண்டுதான் கிடைத்தன. நோட்டோடு ஒப்பிட்டேன். ஒன்றில் நீ ஒரு வருடம் குறைத்திருக்கிறாய். இன்னொன்றில் குறைக்கவில்லை. சித்தப்பா எப்படிப்பட்டவர் என்றும் கேட்டிருந்தேன். 'நினைவில்லை. எப்போதும் யாராவது ஓர் ஆண் வெளியே நிற்பார்' என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண்ணிடமே கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அவளுக்கு அந்த நாளில் உன் கைகள் மட்டும் நினைவிருக்கிறதாம். குளிர்ந்த கை, தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத் தொட்ட கை. வயது பற்றிப் பேசியதாக நினைவில்லை.

அதே கடிதத்தில் வழக்கறிஞர் சொன்னதையும் எழுதியிருந்தார். டாக்டர் எண்ணிக்கையில் தவறியிருந்தால் நமக்கு வழி இருக்கிறது. சட்டப்படி அந்தக் கையெழுத்து செல்லாது என்று வாதிடலாம். டாக்டர் தெரிந்தே, பெண்ணின் நன்மைக்கென்று அப்படி எழுதினார் என்று ஒரு சின்னத் தடயம் கிடைத்தாலும் எதிர்த்தரப்பு விடாது. பெண்ணும் டாக்டரும் பேசிவைத்துச் செய்தார்கள், அவள் விரும்பித்தான் கையெழுத்திட்டாள் என்பார்கள்.

உனக்கு என் தொழில் தெரியும். மூலத்தில் கறை இருந்தால் கறை என்று எழுதுவேன். அடித்திருந்தால் அடித்திருக்கிறது, முத்திரை பாதி விழுந்திருந்தால் பாதி விழுந்திருக்கிறது. கோடு இருந்தால் கோடு. இருபது வருடமாக அதுதான் என் நேர்மை, வேறு பெரிய நேர்மை எதுவும் என்னிடம் இருந்ததாக நினைவில்லை. அந்தக் கோட்டைப் பற்றி எழுதினால் நீ யோசித்துச் செய்தவள் என்பதற்கு ஓர் இடம் இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் வழி அடைபடலாம். எழுதாவிட்டால் அவளுக்கு வழி திறக்கும். நீ, விரல்விட்டு எண்ணத் தெரியாமல் ஒரு குழந்தையைப் பெரியவளாக்கி அனுப்பிய டாக்டராக அந்த வழக்கின் காகிதங்களில் என்றைக்கும் இருப்பாய்.

நோட்டு முழுவதும் கோடுகளைத் தேடினேன். 'சோப்பு தீர்ந்தது' என்பதற்குக் கீழே கோடு இருக்கிறது. 'மார்த்தாவுக்குப் பிறந்தநாள்' என்பதற்குக் கீழே இரண்டு. ஒரு பக்கத்தில் எதுவுமே எழுதாமல் வெறும் கோடு மட்டும். பேனா எழுதுகிறதா என்று பார்த்திருக்கலாம். யாரோ கூப்பிட்டு, பாதியில் எழுந்து போயிருக்கலாம். ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் சொந்தக்காரர்களை உனக்குப் பிடிக்காது, அவ்வளவுதானோ என்னவோ. ஒரு கோட்டிலிருந்து எவ்வளவு படிக்கலாம்?

உன்னிடம் கேட்டிருக்க எனக்கு நேரம் இருந்தது. நீ விடுமுறைக்கு வந்து, தொற்றுநோயில் விமானங்கள் நின்று, இங்கேயே மாட்டிக்கொண்ட மாதங்களில் வாரம் ஒருமுறையாவது பார்த்தோம். ஒரு நாள் மாலை நீ திடீரென்று, "ஒருத்திக்கு நல்லது பண்றோம்னு நினைச்சு அவ வாசலை நாமளே சாத்திட்டா என்னடி பண்றது?" என்று கேட்டாய். நான் அன்று முழுக்க வரிசையில் நின்று வங்கியில் பணம் எடுக்க முடியாமல் திரும்பிய எரிச்சலில் இருந்தேன். "நல்லது பண்றேன்னு கிளம்பினா அப்படித்தான்" என்றேன். நீ சரி என்று தலையாட்டிவிட்டு வாழைப்பழம் உரித்தாய். இந்தப் பெண்ணைப் பற்றித்தான் கேட்டாயா? வேறு யாரையோவா? உன் அம்மாவை இங்கே விட்டுவிட்டுப் போனதைப் பற்றியா? இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பிறகு ஆக்சிஜனுக்காக ஊரே உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த மழைக்காலம் வந்தது. உன் அண்ணனும் நானும் பிடித்துக்கொண்டு வந்த உருளையைப் பார்த்து நீ முகமூடிக்குள் கடைசியாக ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. தலையாட்டினேன், நீ முன்பு ஆட்டியதுபோல.

நான் மனித உரிமை என்ற சொல்லை நம்பாதவள் என்று நீ சொல்வாய். நம்பாமல் இல்லை. அது நம் ஊரில் எப்போதும் யாரோ வெளியிலிருந்து வந்து பேசிவிட்டுப் போகும் சொல்லாக இருந்தது. உன் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இந்த நாட்களில் அது படிவத்தின் ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டிய எண்ணாக வந்து நிற்கிறது. பதினேழா, பதினெட்டா? அங்கே அந்த எண் ஒருத்தியின் வாயை அடைத்தது. இங்கே அதே எண் ஒருத்தியைப் படைப் பட்டியலில் சேர்க்கிறது. இரண்டு ஊரிலும் எண்ணை நிரப்பும் இடத்தில் நம் போன்ற ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். காய்கறிக்காரிக்கு நான் எழுதிக்கொடுத்திருக்க வேண்டுமா? எழுதியிருந்தால் அந்தப் பெண் அந்நிய ஊரில் யார் கையில் போய்ச் சேர்ந்திருப்பாள்? எழுதாததால் இப்போது எங்கே இருக்கிறாள்? நீ இருந்தால் உன்னிடம் கேட்பேன். நீயும் தெரியாது என்றுதான் சொல்வாய் என்று நினைக்கிறேன். ஆனால் நீ சொல்லும்போது அது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

இன்று காலை மின்சாரம் வந்த இரண்டு மணி நேரத்தில் தட்டச்சு செய்தேன். நீ எழுதிய நான்கு வாக்கியங்களுக்கு நான்கு வாக்கியம். நம் வயது எண்ணும் வழக்கத்துக்கு ஒரு குறிப்பு. அதன் கீழே, கடைசி வாக்கியம் அடிக்கோடிடப்பட்டுள்ளது என்று எழுதினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதை அழித்தேன். மறுபடி எழுதினேன். தட்டச்சுக்காரப் பெண் என்னைப் பார்த்து, "சயாமா, இன்னும் இருபது நிமிஷம்தான் கரண்ட்" என்றாள். அழித்தேன்.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. கோடு படத்தில் தெரிகிறது. அதை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் கண்ணுக்கு அது நம் எழுத்தின் ஒரு பகுதி போலத்தான் தோன்றும். கொம்பும் சுழியுமாக இருக்கும் வரியில் இன்னொரு கீற்று. யாராவது என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்பினேன்.

மார்த்தா மதியமே பதில் போட்டார். வழக்கறிஞருக்கு இது போதுமாம். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரின் கையெழுத்தைத் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். டாக்டர் தன்னை மறந்துவிடவில்லை என்று சொன்னாளாம்.

உன்னை நான் கவனமில்லாதவளாக்கி அனுப்பியிருக்கிறேன். ஒருவேளை நீ அப்படித்தான் இருந்தாயோ, அந்த ஒரு நாள், நிறைய நோயாளிகளுக்கு நடுவில், களைத்துப்போய். அப்படியானால் நான் எழுதியது உண்மை. அப்படி இல்லையென்றால், அவளுக்காக நீ ஒரு வருடத்தைக் கூட்டினாய், அதே அவளுக்காக நான் ஒரு கோட்டை விட்டேன். எது நடந்தது என்பது தெரியாமலேயே, மொழிபெயர்ப்பின் அடியில் வழக்கமாகப் போடும் வாக்கியத்தைப் போட்டேன். 'மூலத்தில் உள்ள எதுவும் இதில் விடுபடவில்லை.' அதன் கீழே என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.